வேலியோரத்து மருள்: காணியில்லாத வளவுக்கு ஒரு சாடிச் செடி

நெல் விதைத்துப் பழகிய கைகளுக்குப் பூச்சாடி வைக்கும் பாடம் சொல்ல வருவது பொருத்தமில்லாத வேலையாகச் சிலருக்குத் தோன்றலாம். கொட்டியாரக்குடாவின் கரையிலே வயலும் மாடும் சேனையுமாக வாழ்ந்த குடும்பங்களிடம், பிறருடைய வளவின் ஒரு மூலையில் கொட்டில் போட்டிருக்கும் வேளையில், "வீட்டுக்குள் வைக்கும் இலைச்செடி வளருங்கள்" என்று சொன்னால் அது கேலி போலவும் கேட்கும். அந்த மனத்தாங்கலை நாம் அறிவோம். ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தச் செடி சோறு போடாது. கீரைப்பாத்திக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போக மிஞ்சும் இடத்திலும் மிஞ்சும் தண்ணீரிலும்தான் இதற்குப் பங்கு. அப்படி மிஞ்சுவதைக் கொண்டே சிறிது காசு பார்க்க முடியுமா என்பதே இப்பாடத்தின் கேள்வி.

இடம்பெயர்ந்த குடும்பத்தின் விவசாயத்தில் பெரிய தடை உழைப்பு அல்ல, காலம். எவ்வளவு நாள் ஓரிடத்தில் இருப்போம் என்று எவருக்கும் தெரிவதில்லை. 1984இல் தென்னைமரவாடியை விட்டு வெளியேறியவர்கள் ஊர் திரும்ப ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1990இல் ஓடியவர்களிற் பலர் அலஸ்தோட்டம் போன்ற நலன்புரி முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தனர். 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து வெளியேறியவர்கள் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் பிற இடங்களிலும் தங்கி, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் சொந்தக் காணியைத் திரும்பக் கண்டார்கள். போர் 2009இல் முடிந்த பிறகும் உறுதி இல்லாத காணியிலும், உறவினரின் வளவிலும், கூலிக்கு எடுத்த துண்டு நிலத்திலும் வாழ்கிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இவ்வாறு இருப்பவர் தென்னையும் மாவும் வைத்தால், அது காய்க்கும்போது பலன் காணிக்காரருக்கே போகிறது. விட்டுவந்த மரங்களைப் பற்றிப் பேசாத குடும்பத்தை நாம் சந்தித்ததே இல்லை.

சாடியில் நிற்கும் செடிக்கு அந்தக் கவலை இல்லை. அதன் முழு மதிப்பும் சாடிக்குள்ளேயே இருக்கிறது. போகும்போது கூடவே வரும்.

எந்தச் செடி?

கடைகளிலே பலவகை இலைச்செடிகள் விற்கப்படுகின்றன. குறோட்டன், மணி பிளான்ற், அக்லோனிமா, டிராசீனா என்று பெயர்கள் நீளும். இவற்றுட் பல மழை நாட்டுச் செடிகள். ஈரக் காற்றும் நிழலும் நாள்தோறும் தண்ணீரும் கேட்பவை. மலைநாட்டு அடிவாரத்திலும் குருநாகல் பக்கத்திலும் நிழல்வலை கட்டி இவற்றைப் பெருமளவில் வளர்க்கிறார்கள். நம்முடைய கச்சான் காற்று ஒரு கிழமை அடித்தால் இவற்றின் இலை ஓரம் கருகத் தொடங்கிவிடும். அவர்களோடு போட்டியிட்டு அவர்களுடைய செடியையே வளர்ப்பது நமக்கு இலாபமில்லை.

ஆகவே நாம் இங்கே பேச எடுத்துக்கொள்வது மருள். மரல் என்றும் சொல்வர். நமது மாவட்டத்துப் பற்றைக்காடுகளில், பாறைகளின் ஓரத்தில், மணற்பாங்கான மேட்டில், முள்மரங்களின் அடியில் வாள் போல நிமிர்ந்து நிற்கும் தடித்த இலைச்செடியைப் பெரியவர்கள் அறிவார்கள். கரும்பச்சை இலையில் வெளிர்பச்சைக் கோடுகள் குறுக்கே ஓடும். இலை நடுவிலே சற்றுக் குழிந்து வாய்க்கால் போல இருக்கும். தண்டு வெளியே தெரியாது. மண்ணுக்கடியில் வேர்த்தண்டுக்கிழங்கு ஓடி, அதிலிருந்து புதிய குருத்துகள் எழும்பும்.

தாவரவியலார் இதற்கு இட்ட பெயரிலேயே நமது நாடு இருக்கிறது. நெடுங்காலமாக இதன் பெயர் சன்செவியேரியா சைலானிக்கா. சைலானிக்கா என்றால் இலங்கைக்குரியது என்று பொருள். மரபணு ஆய்வுகளின் பின் அண்மைக்காலத்தில் இதனை டிராசீனாக் குலத்தோடு சேர்த்து டிராசீனா சைலானிக்கா என்கிறார்கள். பெயர் மாறினாலும் செடி பழைய செடிதான். சங்கப் பாடல்களிலே மரல் வறண்ட நிலத்துச் செடியாகவும் நார் தரும் செடியாகவும் வருகிறது. வில்லுக்கு நாண் கட்ட இதன் நாரைப் பயன்படுத்தியதால் ஆங்கிலேயர் இதனை வில்நாண் சணல் என்று அழைத்தனர். சிங்கள மக்கள் இதை நியந்த என்பர். கண்டிப் பகுதியின் பேர்பெற்ற தும்பறைப் பாய்கள் முற்காலத்தில் இந்த நாரினாலேயே நெய்யப்பட்டன.

இன்று உலகின் பல பாகங்களிலும் அலுவலகம், வரவேற்பறை, படுக்கையறை எங்கும் இந்த இனத்துச் செடிகள் சாடியில் நிற்கின்றன. மறந்துபோனால் மன்னிக்கும் செடி என்பதே அதற்குக் காரணம். நமது வேலியில் ஒருவரும் திரும்பிப் பாராத செடியை வேறிடத்தில் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது சிரிப்புக்குரியதுதான். ஆனால் கடையில் அதிகம் விற்பது நமது மருள் அன்று, அதன் ஆபிரிக்க உறவு. அகன்று தட்டையாக, இலையின் இரு கரையிலும் மஞ்சள் பட்டி ஓடும் செடியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த திரைபாசியாற்றா இனத்தின் ஒரு வகை. சைலானிக்கா என்று பெயர் ஒட்டி வெளிநாட்டில் விற்பவையிலும் உண்மையில் அந்த இனமே பல. இரண்டையும் வளர்க்கலாம். பராமரிப்பு ஒன்றே. பெருக்கும் முறையில் மட்டும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஏன் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பு முழுவதும் தானாக விளங்கிவிடும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கின்றன. திறந்த வாயினூடாக நீரும் ஆவியாகப் போய்விடுகிறது. மருள் பகலில் வாயை மூடிக்கொள்கிறது. வெயில் தணிந்த இரவில் திறந்து, எடுத்த வாயுவை அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் அதைக் கொண்டு ஒளித்தொகுப்பு நடத்துகிறது. அன்னாசியும் கள்ளியும் செய்வதும் இதுவே. தடித்த இலை நீர்த்தொட்டி. கிழங்கு இன்னொரு தொட்டி. ஆகவே இந்தச் செடி தாகத்தால் சாவது அரிது. நாம் காட்டும் அன்பினால், அதாவது அளவுக்கு மிஞ்சி ஊற்றும் தண்ணீரினாலேதான் இது சாகிறது.

தாய்ச்செடி தேடல்

முதற் செடிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. வேலியில் மருள் நிற்கும் வளவுக்காரரிடம் கேட்டால் ஒரு தூறு தருவார்கள். ஆனால் கேட்டே எடுக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட காட்டிலிருந்து செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமானது, இலவசச் செடிக்காக அறியாத பற்றைக்குள் இறங்காதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். போர் நடந்த நிலத்தில் அபாயப் பலகை இல்லாததை மட்டும் வைத்து ஓரிடம் பாதுகாப்பானது என்று முடிவுகட்ட முடியாது. ஐயமான பொருள் ஏதும் கண்ணிற் பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். ஒரு தூறு மருளுக்காக ஒரு காலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

நல்ல தூறு ஒன்றில் ஐந்தாறு முற்றிய இலைகள் இருக்கும். அது போதும்.

மண்ணும் சாடியும்

மண்கலவையின் நோக்கம் ஒன்றே: ஊற்றிய தண்ணீர் சாடிக்குள் தேங்காமல் அடியால் ஓடிவிட வேண்டும். இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு நன்கு உக்கிய கூட்டெரு, ஒரு பங்கு உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத்துண்டு போதும். கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடவேண்டாம், உப்பு உண்டு. ஒரு மாரி முழுவதும் மழையில் நனைந்து கழுவுண்ட மணலானால் பரவாயில்லை. தென்னந்தும்புத் தூள் பாவிப்பதாயின் குறைவாகவே பாவியுங்கள். அது நீரைப் பிடித்து வைக்கும். அதையும் இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ள வேண்டும். வயற் களிமண் இதற்கு எமன்.

சாடி என்றதும் கடைச்சாடியை நினைக்கவேண்டாம். பால்மா ரின், உடைந்த வாளி, வெட்டிய எண்ணெய்க் கலன், உரப்பையில் தைத்த சிறு பை எல்லாம் ஆகும். அடியில் நாலைந்து துளை அவசியம். விற்பனைக்குப் போகும்போது மட்டும் பார்வைக்கு நல்ல சாடிக்கு மாற்றிக்கொள்ளலாம். மண்சாடி சிறந்தது, ஏனெனில் பக்கங்களாலும் ஈரம் காய்கிறது. அகலச் சாடியை விட ஒடுங்கிய சாடி இதற்குப் பிடிக்கும். கிழங்கு நெருங்கி, மெல்லிய பிளாஸ்ரிக் சாடியின் பக்கம் புடைத்து வெடிக்கும் வரை மாற்றாமல் விடலாம். வெடித்தால் கவலை வேண்டாம், உங்களிடம் இப்போது மூன்று நான்கு செடி இருக்கிறது என்று அர்த்தம்.

வேம்பின் நிழல், கிடுகுத் தாழ்வாரம், கொட்டிலின் கிழக்குப் பக்கம் ஆகியவை ஏற்ற இடங்கள். இருட்டிலும் உயிரோடு இருக்கும், ஆனால் வளராது. விற்பனைக்கு வளர்ப்பவர் நல்ல வெளிச்ச நிழலில் வைக்க வேண்டும். நிழலில் வளர்ந்ததைத் திடீரென நண்பகல் வெயிலில் வைத்தால் இலை வெளிறிப் புண்படும். அந்தத் தழும்பு மாறாது, அந்த இலையை எவரும் வாங்கமாட்டார்கள்.

ஓர் இலையிலிருந்து ஆறு செடி

விவசாயக் குடும்பங்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய பகுதி இதுதான். விதை வாங்க வேண்டாம், நாற்று வாங்க வேண்டாம்.

மாரி முடிந்து, மண் சூடேறும் மாசி, பங்குனி மாதங்களில் தொடங்குங்கள். முற்றிய, புண்ணில்லாத இலை ஒன்றை அடியோடு அறுத்தெடுங்கள். கத்தியை முதலில் நெருப்பில் காட்டியோ கொதிநீரில் கழுவியோ கொள்ளுங்கள். இலையைப் பத்துச் சென்ரிமீற்றர் அளவான துண்டுகளாக வெட்டுங்கள். அறுபது சென்ரிமீற்றர் இலையில் ஆறு துண்டு கிடைக்கும். வெட்டும்போதே எது அடிப்பக்கம், எது நுனிப்பக்கம் என்று அடையாளம் வைக்க வேண்டும். தலைகீழாக நட்ட துண்டு வேர் விடாது. சுலபமான வழி, அடிப்பக்கத்தை எப்போதும் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டுவது. பிறகு பிள்ளைகள் நட்டாலும் பிழை வராது.

வெட்டிய துண்டுகளை உடனே நடாதீர்கள். நிழலில் இரண்டு மூன்று நாட்கள் பரப்பி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட விடுங்கள். ஈரப்புண்ணோடு மண்ணுக்குள் போனால் பங்கசு பிடித்து அழுகும். காய்ந்த பின் துண்டின் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி ஈரமணலில் நடுங்கள். பழைய மரப்பெட்டியோ துளையிட்ட பேசினோ நாற்றுமேடையாகும். மேல்மணல் காய்ந்த பின்னரே தெளியுங்கள்.

இனிப் பொறுமை தேவை. நாலு முதல் ஆறு கிழமையில் வேர் வரும். வேர் வந்தும் மேலே ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று, சில வேளை நாலு மாதம் சென்றே பக்கத்தில் ஒரு சிறு குருத்து மண்ணைக் கிளப்பும். இந்த இடைவெளியில் துண்டைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிடுங்கினால் வேர் அறும். மெல்ல விரலால் அசைத்துப் பார்த்தால் போதும். அசையாமல் பிடித்துக்கொண்டால் வேர் இருக்கிறது. அழுகிய துண்டு மஞ்சளாகி மென்மையாகும். அதை மட்டும் உடனே அகற்றுங்கள்.

கணக்குப் பார்ப்போம். ஒரு தாய்ச்செடியிலிருந்து நாலு இலை எடுத்தால் இருபத்துநாலு துண்டு. மூன்றில் இரண்டு பங்கு பிழைத்தாலே பதினாறு செடி. தாய்ச்செடியில் இரண்டு இலையாவது விட்டுவைத்தால் அதுவும் பக்கக் குருத்துத் தள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் துண்டிலிருந்து வந்த செடி விற்பனை உயரத்துக்கு வர ஓராண்டுக்கு மேல் எடுக்கும். இந்த ஆண்டு வெட்டியது அடுத்த ஆண்டுக்கே காசு. அவசரக் காசு தேவைப்படும் குடும்பம் இதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. இதைத் திரும்பவும் சொல்கிறோம்: இதற்காகக் கடன் வேண்டாம்.

மஞ்சள் கரைச் செடியின் சூட்சுமம்

மேலே சொன்ன வேறுபாடு இதுதான். மஞ்சள் கரையுள்ள செடியின் இலையைத் துண்டாக்கி நட்டால் முளைப்பது பச்சைச் செடி. மஞ்சள் பட்டி போய்விடும். அந்த இலையில் இரண்டு வகைக் கலங்கள் அடுக்காக இணைந்திருக்கின்றன. துண்டிலிருந்து எழும் புதுக் குருத்து பச்சைக் கலங்களிலிருந்தே தோன்றுவதால் தாயைப் போலப் பிறப்பதில்லை. இதை அறியாமல் விலை கொடுத்து வாங்கிய செடியை முழுவதும் வெட்டித் தீர்த்துவிட்டால் மீண்டும் வாங்கவேண்டியதுதான்.

மஞ்சள் கரைச் செடியைத் தூறு பிரித்தே பெருக்க வேண்டும். பக்கக் குருத்தில் மூன்று நாலு இலை வந்து, தனக்கென வேரும் விட்ட பின் செடியைச் சாடியோடு கவிழ்த்து மண்ணை உதிர்த்து, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் கிழங்கை வெட்டுங்கள். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் அல்லது கரித்தூள் தடவி ஒரு நாள் காயவிட்டு நடுங்கள். இது மெதுவான வழி. விலை கூடுதலாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நமது மருள் துண்டிலும் தாயைப் போலவே வரும்.

தண்ணீர், உரம், நோய்

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்றவேண்டாம். முற்றாகக் காய்ந்திருந்தால், அடித்துளையால் வடியும் வரை ஒருமுறை ஊற்றி விட்டுவிடுங்கள். கச்சான் காலத்தில் வெளி நிழலில் நிற்கும் சிறு சாடிக்கு ஏழு தொடக்கம் பத்து நாளைக்கு ஒருமுறை போதும். வீட்டுக்குள் நிற்பதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை. ஐம்பது சாடிக்கு அரை லீற்றர் வீதம் இருபத்தைந்து லீற்றர், அதாவது ஏறக்குறைய இரண்டு வாளி. அதே ஐம்பது மிளகாய்க் கன்றுக்குக் கோடையில் அடுத்தடுத்து ஊற்ற வேண்டியதை எண்ணிப் பார்த்தால், பொதுக்கிணற்றில் வரிசையில் நிற்பவருக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

ஐப்பசி தொடக்கம் தை வரை நிலைமை தலைகீழ். நமது மாவட்டத்து மழையின் பெரும்பங்கு அந்த மாதங்களிலேயே கொட்டுகிறது. அப்போது சாடிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இலையின் குழிந்த அடியில் நாட்கணக்கில் நீர் நின்றால் அடி குழைந்து நாற்றமெடுக்கும். அப்படிக் குழைந்த குருத்தைக் காப்பாற்ற முடியாது. அதன் இலையில் நல்ல மேற்பகுதி மிஞ்சினால் துண்டாக்கிக் காயவைத்து நடுங்கள்.

கடலை அண்டிய கிணறுகளில் ஆவணி, புரட்டாதி மாதங்களில் உவர் ஏறுவது தெரிந்ததே. உவர்த் தண்ணீர் தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி பழுப்பாகிக் காயும், மண்மேல் வெள்ளையாகப் படியும். அரிசி கழுவிய நீர் நல்லது. சவர்க்கார நீர் கூடாது. முதல் மழை நீரைப் பிடித்து ஒருமுறை நன்றாக ஊற்றி உப்பை அடியால் கழுவிவிடலாம்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டில் இரண்டு தரம் ஒரு பிடி கூட்டெரு. யூறியா போட்டால் இலை மென்மையாகி நிற்கமாட்டாமல் சாயும். 2021இல் இரசாயன உரம் தடைப்பட்டபோது வயற்காரர் பட்ட பாட்டை நாம் கண்டோம். இந்தச் செடிக்கு அப்படியொரு தடையே தெரிந்திருக்காது.

இலைமடிப்பில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டுவது வெண்மூட்டுப்பூச்சி. சவர்க்காரம் கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்து, மறுநாள் நல்ல நீரால் கழுவிவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறையாக மூன்று தரம் செய்தால் அடங்கும். மருந்து அடிக்கவே தேவையில்லை. மாரியில் நத்தை வரும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே வழி. எப்போதாவது ஒரு தூறு பூந்தண்டு தள்ளி இரவில் மணக்கும். பூத்த குருத்து அதன்பின் புது இலை விடாது, பக்கத்தில் பிள்ளை தள்ளும். பூத்துவிட்டதே, செடி செத்துப்போகும் என்று பயப்படத் தேவையில்லை.

சாடித்தட்டும் நுளம்பும்

இதை விளையாட்டாக எடுக்கவேண்டாம். 2017இன் முற்பகுதியில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்களைக் கொண்டுபோனதை மாவட்டமே அறியும். அந்த ஆண்டு நாடு முழுவதும் 180,000க்கு மேற்பட்டோர் டெங்கினால் பீடிக்கப்பட்டனர். டெங்கு நுளம்புக்குச் சாக்கடை வேண்டாம். சாடியின் அடித்தட்டில் தேங்கும் ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு தொடக்கம் பத்து நாள். முட்டையோ வறண்ட தட்டில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

ஆகவே மருளுக்கு அடித்தட்டே வைக்காதீர்கள். செங்கல் துண்டின் மேல் நிறுத்துங்கள். வீட்டுக்குள் தட்டு அவசியமென்றால் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்து, தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, ஒட்டிய முட்டை தேய்த்தால்தான் போகும். போத்தலில் தண்ணீர் விட்டு மணி பிளான்ற் வளர்ப்பதை நெருக்கமான குடியிருப்புகளில் நாம் ஊக்குவிப்பதில்லை. அடுக்கி வைத்த வெற்றுச் சாடிகளும் ரின்களும் கவிழ்ந்தே இருக்கட்டும்.

பிள்ளைகளும் ஆடுகளும்

மருளின் சாற்றில் சப்போனின் என்ற பொருள் உண்டு. மென்றால் வயிற்றைப் பிரட்டும், வாந்தி வரும். ஆட்டுக்கும் நாய்க்கும் அப்படியே. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். இதைவிடப் பன்மடங்கு கவனம் வேண்டியது டீபன்பாக்கியா என்னும் பெரிய வெள்ளைப்புள்ளி இலைச்செடி. அதன் சாற்றிலுள்ள கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் வாயிலும் நாக்கிலும் குத்தி வீங்கவைக்கும், மூச்சுக்கும் இடைஞ்சல் வரலாம். மணி பிளான்றிலும் இதே பொருள் உண்டு. ஒரே அறைக்குள் குழந்தையும் அடுப்பும் செடியும் இருக்கிற வீட்டில் டீபன்பாக்கியா வேண்டவே வேண்டாம் என்பது எமது கருத்து. எந்தச் செடியையாவது மென்ற பிள்ளையின் வாயைக் கழுவி, அந்த இலையில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

யாருக்கு விற்பது, எதைச் சொல்லி விற்பது

ஏற்றுமதி என்ற சொல் கூட்டங்களில் இலகுவாக வந்துவிடுகிறது. இலங்கையிலிருந்து இலைச்செடிகளும் வெட்டிய இலைகளும் வெளிநாடு போவது உண்மை. ஆனால் மண் ஒட்டிய செடியைப் பல நாடுகள் ஏற்பதில்லை. தாவரத் தொற்றுநீக்கச் சான்றிதழ், ஒரே அளவு, தவறாத தவணை, குளிரூட்டிய வண்டி என்று அது பெரிய நிறுவனங்களின் தொழில். முப்பது சாடி வைத்திருக்கும் குழு அதைக் கனவு காண்பதில் பயனில்லை. எவராவது முற்பணம் கேட்டுக்கொண்டு "உங்கள் செடியை ஐரோப்பாவுக்கு அனுப்பித் தருகிறேன்" என்று வந்தால், முற்பணம் கொடாதீர்கள்.

நமது சந்தை கண்ணெதிரே இருக்கிறது. திருகோணமலை நகரத்து அலுவலகங்களும் கடைகளும், உப்புவெளி, நிலாவெளிக் கரையிலுள்ள விடுதிகளும்தான் அது. இங்கே உல்லாசப் பயணிகள் வரும் பருவம் சித்திரைக்குப் பின், கச்சான் காலத்தோடு சேர்ந்தது. விடுதிகள் அதற்கு முன்னரே வெள்ளையடித்து வாசலை அலங்கரிக்கும். உப்புக்காற்றில் பிற செடிகள் கருகும் அந்த வாசல்களில் மருள் நிற்கும். எனவே பங்குனிக்குள் சாடிகள் தயாராக இருக்கவேண்டும். ஒவ்வொருவரும் ஐந்து சாடியோடு தனித்தனியே போய் விலையைக் குறைத்துக்கொள்வதை விட, பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே அளவான சாடியில் ஒரே உயரச் செடி ஐம்பதைக் கொடுப்பது நல்லது. வாடகைக்கு வைத்து மாதமொருமுறை மாற்றிக் கொடுக்கும் முறையையும் கேட்டுப் பாருங்கள். செடி உங்களுடையதாகவே இருக்கும். விலை சொல்லுமுன் சாடி, மணல் ஏற்றிய கூலி, பஸ் காசு, செத்த செடி ஆகியவற்றோடு உங்கள் கைவேலை நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் அந்தக் கடைசி வரியை எழுதாமல் விடும் பழக்கம் அதிகம்.

வாங்குபவர் கேட்பார்: இது காற்றைச் சுத்தமாக்குமாமே, இரவில் ஒட்சிசன் தருமாமே? 1989இல் நாசா ஆய்வு ஒன்று, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் இச்செடி சில நச்சு வாயுக்களைக் குறைப்பதாகக் கண்டது உண்மை. ஆனால் வீடு மூடிய பெட்டி அன்று. அதுபோன்ற ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மீளாய்வு, சன்னல் திறந்தால் கிடைக்கும் பயனைப் பெற ஒரு சதுரமீற்றருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று கணித்தது. ஒட்சிசன் உண்டாவதும் வெளிச்சத்திலேதான். இரவில் இது செய்வது காபனீரொட்சைட்டை உள்ளே எடுப்பது மட்டுமே. பொய் சொல்லி விற்கத் தேவையில்லை. "மாதம் இருமுறை தண்ணீர் விட்டால் போதும், சாகாது, இது இந்த மண்ணின் செடி" என்பதே போதிய விளம்பரம். ஒவ்வொரு சாடியோடும் பராமரிப்பை நாலு வரியில் எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கொடுத்தால், வாங்கியவர் அதிக நீர் ஊற்றி அழுகவைத்துவிட்டு உங்களைக் குறை சொல்லமாட்டார்.

இடம் மாறும்போது

மாறப்போவது தெரிந்தால் ஒரு கிழமைக்கு முன்னரே தண்ணீரை நிறுத்துங்கள். கனமான சாடிகளைத் தூக்கவேண்டியதில்லை. செடியை உருவி, மண்ணை உதறி, ஒடிந்த இலைகளை அறுத்துவிட்டு, நாலைந்து தூறாகச் சேர்த்துப் பத்திரிகைத் தாளிலோ காய்ந்த சணல் சாக்கிலோ சுற்றிக் கட்டுங்கள். பொலித்தீனில் சுற்றினால் வியர்த்து அழுகும். நிழலில் வைத்தால் இரண்டு மூன்று கிழமை மண்ணில்லாமலே தாங்கும். கொண்டுபோக வழியே இல்லையென்றால் ஐந்தாறு முற்றிய இலையை மட்டும் அறுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டு வெட்டி நட அவை போதும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் நட்ட பின் ஐந்தாறு நாள் தண்ணீர் காட்டாதீர்கள். சேர்ந்த இடம் சொந்தக் காணியானால் நமது மருளுக்குச் சாடியே தேவையில்லை. வேலியோரத்தில் ஒரு முழ இடைவெளியில் தூறு தூறாக ஊன்றலாம். மஞ்சள் கரைச் செடியை மட்டும் சாடியிலேயே வைத்திருங்கள், வெளியூர்க் கிழங்கு நிலத்தில் ஓடத் தொடங்கினால் கிளப்புவது கடினம். மருள் இரண்டு மூன்று மாரிக்குள் வேலியின் அடியை மூடிவிடும். அடுத்த சாடிகளுக்கு வேண்டிய இலையை அங்கிருந்தே அறுத்துக்கொள்ளலாம்.